ருமாட்டிக் இதய நோயும் மரபுக் கூறுகளும்: ஒரு வரலாறு

ருமாட்டிக் இதய நோய் என்பது தொண்டைப் புண்ணில் தொடங்கி இதய வால்வுகளில் போய் நிலைத்துவிடும் நோயாகும். வாதக் காய்ச்சல் இதய நோய் என்றும் தமிழில் எழுதுவர். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பகுதிகளில் மக்கள் பேச்சில் இது 'வால்வு சுருக்கம்' அல்லது 'வால்வு கோளாறு'. 5 முதல் 15 வயது வரையிலான பிள்ளைகளைத் தொடங்கும் காலத்தில் பிடிக்கிறது. வெளியே தெரிவது பெரும்பாலும் பல ஆண்டுகள் கழித்துத்தான்.

பெண்களுக்கு இந்நோய் வெளிப்படும் நேரம் கொடியது. கருவுற்ற காலத்தில் உடலில் ஓடும் இரத்தத்தின் அளவு ஏறத்தாழப் பாதியளவு கூடுகிறது. சுருங்கிய வால்வால் அந்தப் பெருக்கைத் தாங்க முடிவதில்லை. நாற்று நட்டபோதும் கதிர் அறுத்தபோதும் களைப்பு என்று மட்டும் நினைக்கப்பட்ட ஒரு பெண், ஐந்தாம் ஆறாம் மாதத்தில் படுக்க முடியாமல் மூச்சிரைத்து மருத்துவமனைக்கு வருகிறாள். அப்போது வீட்டில் எழும் முதல் கேள்வி, 'இது பரம்பரை நோயா? பெண் வீட்டில் யாருக்காவது இருந்ததா?' என்பதே. அந்தக் கேள்விக்குப் பயந்து பெண்ணின் நோயை மறைத்துத் திருமணம் செய்து வைத்த குடும்பங்களும் உண்டு. மறைத்ததும் ஊசி நின்றுவிடும். ஊசி நின்றால் காய்ச்சல் திரும்பும்.

மருத்துவ உலகமும் இதே கேள்வியை நூற்றிருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்டு வந்திருக்கிறது.

நோய் உண்டாகும் விதம்

ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா பிள்ளைகளின் தொண்டையில் புண்ணை உண்டாக்குகிறது. ரெபெக்கா லான்ஸ்ஃபீல்ட் என்ற அமெரிக்க அறிவியலாளர் 1933-ல் இந்தப் பாக்டீரியாக்களைப் பிரிவு பிரிவாக வகைப்படுத்தினார். இவற்றின் மேற்புறத்தில் எம் புரதம் என்ற ஒன்று உள்ளது. அதன் சில பகுதிகள் மனித இதயத்திலுள்ள புரதங்களை ஒத்திருக்கின்றன. பாக்டீரியாவை எதிர்க்கக் கிளம்பிய நோய் எதிர்ப்புப் படை, இந்த ஒப்புமையால் ஏமாந்து சொந்த இதயத்தையே தாக்குகிறது. இதற்கு இரண்டு மூன்று வாரங்கள் பிடிக்கும். அதற்குள் தொண்டைப் புண் ஆறி, வீட்டார் அதை மறந்தும் விடுவார்கள்.

தொண்டைப் புண் வந்த எல்லாருக்கும் காய்ச்சல் வருவதில்லை. சிகிச்சை இல்லாமல் விடப்பட்டவர்களில்கூட, கடுமையான தொற்றுப் பரவல் காலத்தில் நூற்றுக்கு மூன்று பேர் அளவுக்கே ருமாட்டிக் காய்ச்சல் வந்தது. சாதாரண காலங்களில் அதற்கும் குறைவு. மீதி தொண்ணூற்றேழு பேர் தப்பியது எப்படி? மரபணு ஆராய்ச்சி முழுவதும் இந்தக் கேள்வியில் பிறந்ததுதான்.

காவிரிப் படுகைக்காரர்களுக்கு இதை விளக்க நெல்லே போதும். 1922-ல் தொடங்கப்பட்ட ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தைச் சுற்றியுள்ள உழவர்களுக்குக் குலை நோய் நன்றாகத் தெரியும். ஐ.ஆர். 50 போன்ற இரகங்கள் அந்நோய்க்கு எளிதில் இடம் கொடுப்பவை. ஆனால் இரகம் மட்டும் நோயை உண்டாக்குவதில்லை. பூஞ்சாணம் வர வேண்டும். இரவுக் குளிரும் பனியும் வேண்டும். யூரியாவை அள்ளிப் போட்டிருந்தால் இன்னும் வேகம். இவை இல்லாத வயலில் அதே ஐ.ஆர். 50 நன்றாக விளைந்து களத்துக்கு வந்துவிடும். மனிதரின் மரபணுவை இரகத்தின் இடத்திலும், ஸ்ட்ரெப்டோகாக்கஸைப் பூஞ்சாணத்தின் இடத்திலும், ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் படுக்கும் வீட்டைப் பனியின் இடத்திலும் வைத்துப் பார்க்கலாம்.

மூட்டும் நெஞ்சும்

மூட்டு வீக்கத்தையும் நெஞ்சையும் சேர்த்துப் பார்க்கும் வழக்கம் இந்தியாவில் பழையது. மாதவ நிதானம் என்ற வடமொழி மருத்துவ நூலில் ஆமவாதத்தின் முற்றிய நிலையில் நெஞ்சுப் பிடிப்பும் சொல்லப்படுகிறது. அது இன்றைய ருமாட்டிக் காய்ச்சலேதான் என்று உறுதி கூறிவிட முடியாது. மூட்டு வீங்கும் நோய்கள் பல.

ஐரோப்பாவில் இந்தத் தொடர்பு தெளிவாகப் பதிவான காலம், தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் (1798–1832) ஆண்ட காலமாகும். மன்னரின் தன்வந்திரி மகாலில் கண் நோயாளிகளைப் படம் வரைந்து குறிப்பெழுதி வந்தனர். அதே ஆண்டுகளில், 1812-ல், இலண்டனில் வில்லியம் சார்ல்ஸ் வெல்ஸ் மூட்டுக் காய்ச்சலைத் தொடர்ந்து இதயம் கெட்டவர்களைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். 1816-ல் பாரிசில் லாயினெக் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டதிலிருந்து ஸ்டெதஸ்கோப் பிறந்தது. அதன்பிறகே உயிரோடு இருப்பவரின் வால்வு கெட்டிருப்பதைக் காதால் அறிய முடிந்தது.

குடும்பங்களை எண்ணியவர்கள்

1889-ல் இலண்டனில் குழந்தை மருத்துவர் வால்டர் சீடில், குடும்பத்தில் ஏற்கெனவே இந்நோய் இருந்தவர்களுக்கு, இல்லாதவர்களைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு அதிகமாக இது வருகிறது என்று கூறினார். பரம்பரை பற்றிய விவாதத்தின் தொடக்கம் இதுவே.

நியூயார்க்கில் மே வில்சன் என்ற பெண் மருத்துவர் 1930-களிலும் 40-களிலும் நோயுற்ற குடும்பங்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார். தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக ஒரே மரபணுவின் இரு படிகள் சேர்ந்தால்தான் நோய் வரும், அதாவது இது ஒற்றை ஒடுங்கு மரபணுவின் வேலை என்பது அவர் முடிவு. பட்டாணிச் செடியில் மெண்டல் கண்ட கணக்கு அப்படியே மனிதருக்கும் பொருந்தியது போல் தோன்றியது. மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணக்கும் வழக்கமுள்ள தமிழ்நாட்டுக்கு இது சாதாரணச் செய்தியா? ஒடுங்கு மரபணு என்றால் உறவுத் திருமணங்களில்தானே அது கூடி வரும்!

ஆனால் குடும்பம் என்பது இரத்தத்தை மட்டும் பகிர்வதில்லை. கூரையையும் பாயையும் தம்ளரையும் பகிர்கிறது. அண்ணனின் தொண்டையில் இருக்கும் பாக்டீரியா இரவோடு இரவாகத் தம்பியிடம் வந்துவிடும். எனவே குடும்பங்களை மட்டும் எண்ணினால் பரம்பரையும் ஒட்டுதலும் பிரிக்க முடியாமல் கலந்துவிடும். இந்தச் சிக்கலை அவிழ்க்க உதவியவர்கள் இரட்டையர். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்கு மரபணு முழுவதும் ஒன்று. வேறு கரு இரட்டையருக்குப் பாதிதான் ஒன்று. வீடு இரு வகையினருக்கும் பொது.

அதுவரை நடந்த ஆறு ஆய்வுகளிலிருந்து 435 இரட்டையர் இணைகளைத் திரட்டி 2011-ல் ஒரு கணக்கு வெளியானது. ஒரு கரு இரட்டையரில் ஒருவருக்கு நோய் வந்தால் மற்றவருக்கும் வரும் வாய்ப்பு 44 விழுக்காடு. வேறு கரு இரட்டையரில் 12 விழுக்காடு. இந்த வேறுபாடு மரபணுவின் பங்கைக் காட்டுகிறது. அதே 44 என்ற எண் வில்சனின் கருத்தை வீழ்த்தவும் செய்கிறது. ஒற்றை மரபணுவே முழுக் காரணம் என்றால், ஒன்றுபோல் பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தது மற்றவருக்கும் வந்தே ஆக வேண்டும். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வரவில்லை.

மரபுவழிப் பங்கு 60 விழுக்காடு என்றும் அந்த ஆய்வு மதிப்பிட்டது. இந்த எண்ணைப் படிப்பவர்கள் அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். தாய்க்கு நோய் இருந்தால் பிள்ளைக்கு வர 60 விழுக்காடு வாய்ப்பு என்று இதற்குப் பொருளில்லை. ஒரு மக்கள் கூட்டத்தில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் எவ்வளவு பங்கு மரபணு வேறுபாட்டால் வந்தது என்பதையே அது கூறுகிறது. சூழல் மாறினால் அந்த எண்ணும் மாறும்.

'இந்நாட்டில் இல்லை' என்ற காலம்

மேல்நாட்டில் இப்படிக் குடும்பங்களை எண்ணத் தொடங்கிய பிறகும், வெப்ப நாடுகளில் இந்நோய் அரிது என்றே ஆங்கிலேய மருத்துவர்கள் பலர் 1930 வரையில் எழுதி வந்தனர். குளிரும் ஈரமுமான நாடுகளின் நோய் இது என்பது அவர்கள் எண்ணம். குளிர் நாட்டு மக்களைப்போல மூட்டு வீங்கி மாதக்கணக்கில் படுக்கும் நோயாளிகளை இங்கே அவர்கள் அதிகம் காணவில்லை. அரசு மருத்துவமனையின் வாசலையே மிதிக்காத ஏழைப் பிள்ளைகளைக் காணவும் வழியில்லை.

அந்த எண்ணத்தை மாற்றியவர்களில் குறிப்பிடத்தக்கவர் பி. குடும்பையா. சென்னை மாகாணத்தில் மருத்துவப் பேராசிரியராக இருந்த இவர், தென்னிந்தியாவில் காணப்படும் ருமாட்டிக் இதய நோயின் தன்மைகளை 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கட்டுரைகளாக எழுதினார். பழைய இந்திய மருத்துவத்தின் வரலாற்றை 1962-ல் நூலாகத் தந்தவரும் இவரே.

பர்மாவில் 1917-ல் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த சி. பத்மாவதியின் பணி இன்னும் விரிவானது. ஜப்பானியப் படையெடுப்பின்போது கோயம்புத்தூருக்குத் தப்பி வந்தவர். பின்னர் இந்தியாவின் முதல் பெண் இதய மருத்துவரானார். டெல்லியில் இருந்தபடி இந்நோயின் பரவலை ஆராய்ந்து, இது ஏழை நாடுகள் அனைத்திலும் உள்ள நோய் என்பதை உலகுக்குக் காட்டினார். 103 வயது வரை வாழ்ந்து 2020-ல் மறைந்தார்.

1963-ல் டெல்லி எய்ம்ஸ் நிறுவனத்தின் சுஜாய் ராயும் வி. ராமலிங்கசுவாமியும் மற்றவர்களும் எழுதிய கட்டுரை ஒரு புதிய கவலையை எழுப்பியது. மேல்நாட்டில் மைட்ரல் வால்வு சுருங்க இருபது முப்பது ஆண்டுகள் பிடிக்கும்போது, இந்தியாவில் இருபது வயதுக்குள்ளேயே பிள்ளைகளின் வால்வு சுருங்கிவிடுகிறது என்பதே அது. இந்தியரின் மரபணுவில் ஏதோ வேறுபாடு இருக்கிறதா, அல்லது திரும்பத் திரும்ப வரும் தொற்றா? இரண்டு பக்கமும் பேசப்பட்டது.

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் அப்போது வால்வு அறுவை மும்முரமாக நடந்தது. நெஞ்சைத் திறந்து, துடித்துக்கொண்டிருக்கும் இதயத்துக்குள் விரலை நுழைத்து ஒட்டிக்கொண்ட வால்வைப் பிரித்துவிடும் முறை அது. தொடர்ச்சியாக 3,724 நோயாளிகளுக்குச் செய்த இந்த அறுவையின் பலன்களை வேலூர் மருத்துவர்கள் 1983-ல் வெளியிட்டனர். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி 1959-ல் தொடங்கப்பட்டுவிட்டாலும், இத்தகைய அறுவைக்குப் படுகை மக்கள் சென்னைக்கோ வேலூருக்கோதான் போக வேண்டியிருந்தது. மெயின் லைன் ரயிலில் விழுப்புரம் வந்து, வண்டி மாறி, திருவண்ணாமலை வழியாக வேலூர் போவது மூச்சு முட்டும் நோயாளிக்கு எளிய பயணமல்ல.

எச்.எல்.ஏ. தேடல்

எச்.எல்.ஏ. என்பது ஆறாவது குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுத் தொகுதி. உடலுக்குள் வந்த கிருமியின் துண்டுகளை எடுத்து நோய் எதிர்ப்பு அணுக்களுக்குக் காட்டும் 'தட்டுகளை' இதிலுள்ள பல மரபணுக்கள் உண்டாக்குகின்றன. தட்டின் வடிவம் ஆளுக்கு ஆள் வேறு. சிலரின் தட்டில் எம் புரதத்தின் ஆபத்தான துண்டு கச்சிதமாக உட்காரக்கூடும் என்பது ஆய்வாளர்களின் ஊகம். பிரேசிலின் சாவோ பாவ்லோவில் லூயிசா கில்ஹெர்மே குழுவினர், அறுவையில் வெட்டி எடுத்த வால்வுகளிலிருந்தே டி அணுக்களைப் பிரித்தெடுத்து, அவை எம் புரதத்தையும் இதயப் புரதத்தையும் ஒருசேர அடையாளம் காண்பதை 1995-ல் காட்டினர்.

1980-களில் நாட்டுக்கு நாடு இத்தேடல் நடந்தது. முடிவுகள்தாம் ஒத்துவரவில்லை. அமெரிக்க வெள்ளையரிடம் டி.ஆர். 4, கறுப்பரிடம் டி.ஆர். 2, தென்னாப்பிரிக்காவில் டி.ஆர். 1, பிரேசிலில் டி.ஆர். 7, வட இந்தியாவில் டி.ஆர். 3 என்று ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு பெயரைச் சொன்னது. நியூயார்க்கில் கண்டறிந்த டி8/17 என்ற அடையாளம், மேல்நாட்டு நோயாளிகள் பெரும்பாலோரின் பி அணுக்களில் இருந்தது. பள்ளிப் பிள்ளைகளின் இரத்தத்தைச் சோதித்து நோய் வரக்கூடியவர்களை முன்கூட்டியே பிரித்துவிடலாம் என்ற நம்பிக்கை அதனால் எழுந்தது. 1989-ல் டெல்லியில் சோதித்தபோது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நோயாளிகளிடமே அது கிடைத்தது. மூன்றில் ஒருவரைத் தவறவிடும் சோதனையைப் பள்ளிக்குக் கொண்டு போக முடியுமா?

முடிவுகள் ஒத்துவராததற்கு ஒரு காரணம் நம் ஊர்க் கதையிலேயே இருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இராம. பிச்சப்பன் குழுவினர் தமிழ்நாட்டு மக்களின் எச்.எல்.ஏ. வகைகளை ஆராய்ந்தபோது, பக்கத்துப் பக்கத்துத் தெருவில் வாழும் சமூகத்தாரிடையேகூட அவை வேறுபடுவதைக் கண்டனர். தலைமுறை தலைமுறையாகத் தம் சாதிக்குள்ளேயே மணம் செய்ததன் விளைவு இது. இத்தகைய நாட்டில் நோயாளிகளை ஒரு சமூகத்திலிருந்தும், ஒப்பிடுவதற்கான நலமானவர்களை வேறு சமூகத்திலிருந்தும் எடுத்தால், சாதி வேறுபாடு நோய் வேறுபாடுபோல வேடம் போட்டு வந்து நிற்கும். குடும்பத்துக்குள்ளேயே தாய், தந்தை, நோயுற்ற பிள்ளை என்று ஒப்பிட்டால் இந்தத் தவறு நேராது. மதுரையிலிருந்து 2017-ல் வந்த எச்.எல்.ஏ.-ஜி மரபணு பற்றிய ஆய்வு இவ்வாறு தென்னிந்தியக் குடும்பங்களை வைத்தே செய்யப்பட்டது.

பிஜித் தீவின் வழியே

முழு மரபணுத் தொகுதியையும் அலசும் முறை வந்தபின் 2017-ல் முதல் பெரிய முடிவுகள் பசிபிக் தீவுகளிலிருந்து கிடைத்தன. எட்டு நாடுகளில் 2,852 பேரிடம் நடத்திய ஆய்வில், எதிர்ப்பொருள்களை உருவாக்கும் மரபணுக்களில் ஒன்றான ஐ.ஜி.எச்.வி. 4-61-இன் ஒரு வடிவம், ஒவ்வொரு படிக்கும் நோய் வாய்ப்பை 1.4 மடங்கு உயர்த்துவது தெரிந்தது.

2020-ல் வெளியான ஆய்வு தமிழருக்கு இன்னும் நெருக்கமானது. இந்தியாவிலும் பிஜியிலும் வாழும் தெற்காசியர் 1,163 பேர் (நோயாளிகள் 672, நலமானவர்கள் 491) அதில் சேர்க்கப்பட்டனர். பிஜி இந்தியர் என்போர் 1879 முதல் 1916 வரை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்ட ஏறத்தாழ 60,000 பேரின் வழிவந்தவர்கள். பெரும்பாலோர் கல்கத்தா வழியே போன வடநாட்டார். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் போயின. மொத்தத்தில் கால் பங்கு அளவு தென்னாட்டார். வட ஆர்க்காடு, கோயம்புத்தூர் போலவே தஞ்சாவூர் மாவட்டமும் ஆள் பிடித்த மாவட்டங்களில் ஒன்று. பாரதியார் வேதனையோடு பாடிய அதே கரும்புத் தோட்டத் தீவு இது.

எச்.எல்.ஏ. தொகுதியின் மூன்றாம் வகுப்பு எனப்படும் பகுதியில் ஒரு மாறுபாடு நோயோடு சேர்ந்து வருவதை இந்த ஆய்வு கண்டது. பிரிட்டனில் வாழும் ஐரோப்பியரிடம் சோதித்தபோதும் அது பொருந்தியது. சேர்த்துப் பார்த்த முரண் விகிதம் 1.81. முன்னைய ஆய்வுகள் எல்லாம் முதல், இரண்டாம் வகுப்புகளையே துழாவிக்கொண்டிருந்தன. ஊருக்கு ஊர் வேறு விடை வந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது அதன் ஆசிரியர்களின் கருத்து.

1.4 என்பதும் 1.81 என்பதும் சிறிய எண்கள். இவற்றை வைத்து எந்தப் பிள்ளைக்கும் 'உனக்கு வரும்', 'உனக்கு வராது' என்று சோதிடம் சொல்ல முடியாது. பெண் பார்க்கும்போது கேட்பதற்கும் இவற்றில் ஒன்றுமில்லை. இவற்றின் பயன் வேறு இடத்தில் இருக்கிறது. நோய் எதிர்ப்பு எந்தப் படியில் தடம் மாறுகிறது என்று தெரிந்தால், இதயத்தைச் சீண்டாத தடுப்பூசியை வடிவமைக்கலாம்.

இருபது ஆண்டில் மாறாதது எது?

வேலூரைச் சுற்றிய கிராமப் பிள்ளைகளிடம் 1981-ல் வெளியான ஆய்வின்படி ஆயிரத்துக்கு ஏறத்தாழ 5 பேருக்கு இந்நோய் இருந்தது. அதே பகுதியில் 2001–2002-ல் 2,29,829 பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்தபோது 157 பேருக்கே இருந்தது; ஆயிரத்துக்கு 0.68. சோதித்த முறையிலும் ஆட்களிலும் சிறு வேறுபாடுகள் இருக்கலாம். ஆயினும் இறக்கம் பெரிது. இருபது ஆண்டில் ஒரு மாவட்டத்து மக்களின் மரபணு மாறிவிடாது. வீடு, மருத்துவரிடம் போகும் வசதி, தொண்டைப் புண்ணுக்குக் கிடைத்த மருந்து ஆகியவையே மாறின. டென்மார்க்கில் பென்சிலின் வருவதற்கு வெகு முன்பே, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே இந்நோய் குறையத் தொடங்கிவிட்டது.

குறைந்துவிட்டது என்று கையைக் கட்டி உட்காரவும் முடியாது. அரியானாவின் பல்லப்கரில் பள்ளிப் பிள்ளைகளை எக்கோ கருவியால் சோதித்த ஆய்வு 2011-ல் வெளியானது. ஸ்டெதஸ்கோப்புக்கு ஆயிரத்தில் ஒருவர்கூட அகப்படாத இடத்தில், எக்கோ ஆயிரத்துக்கு 20 பேரின் வால்வில் மாற்றம் காட்டியது. 2015-ல் உலகெங்கும் 3 கோடியே 34 லட்சம் பேர் இந்நோயுடன் வாழ்ந்ததாகவும், அவ்வாண்டு 3 லட்சத்துக்கு மேற்பட்டோர் இறந்ததாகவும் மதிப்பிடப்பட்டது.

தடுப்பு மருந்தின் கதை 1950-ல் தொடங்குகிறது. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் ஒரு விமானப்படைத் தளத்தில், தொண்டைப் புண் வந்த வீரர்களுக்குப் பென்சிலின் கொடுத்தால் ருமாட்டிக் காய்ச்சல் வராமல் தடுக்கலாம் என்று நிறுவப்பட்டது. ஏற்கெனவே காய்ச்சல் வந்தவருக்கு அது திரும்பாமலிருக்க பென்சதைன் பென்சிலின் ஊசி, இந்தியாவில் 21 நாளுக்கு ஒருமுறை போடப்படுகிறது. 'பெனிட்யூர்' என்ற பெயரில் மக்கள் அறிந்த ஊசி இது. வலி அதிகம். ஒவ்வாமைக்குப் பயந்து போட மறுக்கும் மருத்துவமனைகளும் உள்ளன. வால்வு எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து 18 வயது, 25 வயது, சிலருக்கு 40 வயது வரை இது தொடர வேண்டும்.

இந்த ஊசி டி.ஆர். 3 உள்ளவரா, டி.ஆர். 7 உள்ளவரா என்று பார்த்து வேலை செய்வதில்லை. குடும்பத்தில் ஒருவருக்கு நோய் இருப்பது தெரிந்தால், உடன்பிறந்தவர்களின் தொண்டைப் புண்ணை அலட்சியம் செய்யாமல் உடனே காட்டுவதும், அவர்களுக்கும் ஒருமுறை எக்கோ எடுத்துப் பார்ப்பதும் நல்லது. அறுவடை நாளில் கூலி போய்விடும் என்றோ, திருமணப் பேச்சு நடக்கிறது என்றோ தள்ளிப்போடப்படும் ஊசி அட்டையில், அடுத்த தேதி 21 நாள் கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கும்.